கேளுங்கள் அக்கா: 330 வெள்ளிக் கண் கிரீம் வாங்கலாமா?

அன்புள்ள அக்கா, எனக்கு 44 வயது. ஷெண்டன் வே பக்கம் அலுவலக வேலை. கண்ணுக்குக் கீழே கருவளையம் ரொம்ப வருடமாகவே இருக்கிறது, இப்போது ஓரத்தில் கோடுகளும் விழ ஆரம்பித்துவிட்டன. போன வாரம் ஆர்ச்சர்டில் ஒரு கவுண்டரில் நின்றபோது, அங்கிருந்த பெண் ஒரு கண்ணுக்கு மட்டும் கிரீம் தடவிக் கண்ணாடியைக் காட்டினார். நிஜமாகவே வித்தியாசம் தெரிந்தது! 15 மில்லி, 330 வெள்ளி. மகள் "சும்மா காசைக் கரியாக்காதீங்கம்மா" என்கிறாள். வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
வாசகி, ஈசூன்

வேண்டாம்.

கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். ஆனால் கவுண்டரில் நீங்கள் பார்த்த வித்தியாசம் பொய் இல்லை, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மகளிடம் தோற்ற மாதிரியும் இருக்காது. இந்த மாதிரி கிரீம்களில் சிலிகான் இருக்கும், அது தோலில் உள்ள சின்னச் சின்னப் பள்ளங்களை நிரப்பி வழவழப்பாக்கிவிடும். பலவற்றில் மைக்கா என்ற மினுமினுப்புத் தூளும் இருக்கும், அது வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் கருமை மங்கித் தெரியும். காய்ந்துபோன தோலுக்கு ஈரம் கிடைத்ததும் மெல்லிய கோடுகள் தற்காலிகமாக உப்பி மறையும். இதெல்லாம் இரண்டு நிமிட வேலை, முகம் கழுவினால் போய்விடும். நீங்கள் நின்ற இடத்தில் விளக்கு எப்படி இருந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். தலைக்கு மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் யாருக்குமே கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும், அதையே முன்னாலிருந்து அடித்தால் பத்து வயது குறையும்.

சரி, கணக்குக்கு வருவோம். 15 மில்லி 330 வெள்ளி என்றால் ஒரு மில்லி 22 வெள்ளி. கார்டியனிலோ வாட்சன்ஸிலோ வாசனை சேர்க்காத சாதாரண முக மாய்ஸ்சரைசர் 50 மில்லி ஒரு 25 வெள்ளிக்கு வாங்கினீர்கள் என்று வையுங்கள், மில்லிக்கு 50 காசு. 44 மடங்கு வித்தியாசம். 44 மடங்கு பலன் கிடைக்குமா என்றால், இல்லை. கண் கிரீமில் முக்கால்வாசி வேலையைச் செய்வது தண்ணீர், கிளிசரின், ஹையலுரானிக் ஆசிட், செராமைடு, ஏதாவது ஓர் எண்ணெய் அல்லது சிலிகான். இவை எதுவுமே விலை உயர்ந்த சரக்கு இல்லை. டப்பாவின் பின்னால் இருக்கும் பட்டியலைப் பாருங்கள், அதிகமாக இருப்பது முதலில் வரும், ஒரு சதவீதத்துக்கும் கீழே இருப்பவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். விளம்பரத்தில் பெரிதாக வரும் முத்துத்தூளும் கடற்பாசிச் சாறும் பெரும்பாலும் அந்த வால் பகுதியில்தான் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று: 'லா மேர்' என்ற மிக விலையுயர்ந்த பெயரும், 'தி ஆர்டினரி' என்ற மலிவுப் பெயரும் இன்று ஒரே எஸ்டீ லாடர் குடும்பத்தின் சொத்து. இரண்டும் ஒரே சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விலையை வைத்து விஞ்ஞானத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சிங்கப்பூரில் விற்கும் அழகுப் பொருளைச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நிறையப் பேர் இதை "அரசாங்கம் சோதித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. தடை செய்த பொருள் இருக்கக்கூடாது, பாதுகாப்பாக இருக்க வேண்டும், அதற்கு நிறுவனம் பொறுப்பு. கோடு மறையுமா மறையாதா என்று ஆணையம் உட்கார்ந்து பரிசோதிப்பதில்லை.

அப்புறம் கருவளையம். இங்கேதான் நம்மவர்கள் அதிகமாக ஏமாறுகிறோம், ஏனென்றால் எல்லாருடைய கருவளையமும் ஒன்று இல்லை. நாளைக் காலை முகம் கழுவிவிட்டு, கையில் ஒரு கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் போய் நில்லுங்கள். கீழிமைத் தோலை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுங்கள். பழுப்பு நிறம் தோலோடு சேர்ந்தே நகர்ந்தால் அது நிறமி. நம் இந்தியத் தோலில் இதுதான் சகஜம், அம்மாவுக்கோ அத்தைக்கோ இருந்தால் நமக்கும் வரும். இழுக்கும்போது நீலமாகவோ ஊதாவாகவோ இன்னும் அதிகமாகத் தெரிந்தால் அடியில் ஓடும் ரத்தநாளம். இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான், உள்ளே இருப்பது தெரியத்தான் செய்யும். முகத்தை வெளிச்சத்தைப் பார்த்து நிமிர்த்தியதும் கருமை காணாமல் போனால் அது வெறும் பள்ளத்தின் நிழல். நிழலுக்கு எந்தக் கிரீமும் கிடையாது, தங்கத்தை அரைத்துப் போட்டாலும் கிடையாது. ரத்தநாளத்துக்கும் பெரிதாகக் கிடையாது. நிறமிக்கு மட்டும் நியாசினமைடு, வைட்டமின் சி மாதிரி விஷயங்கள் மெதுவாக, மாதக் கணக்கில், கொஞ்சம் உதவலாம். அவை மலிவான சீரத்திலும் இருக்கின்றன.

கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா என்று யோசித்துப் பாருங்கள். ஏர்கான் அறையில் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு இருக்கிறவர்களுக்கு ஒவ்வாமையாலேயே கண்ணடி கறுக்கும், கசக்கக் கசக்க இன்னும் கறுக்கும். இவர்கள் கிரீமுக்குச் செலவு செய்வதற்குப் பதில் மூக்கைக் கவனித்தால் போதும்! கண்மை போடுகிறவர்கள் இரவில் அதைத் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டாம். பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மூடிய கண்மேல் அரை நிமிடம் வைத்தால் தானாக இளகி வந்துவிடும்.

கோடுகளுக்கு உருப்படியான சான்று உள்ளவை இரண்டுதான். ஒன்று சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 903 பேரை வைத்து நான்கரை ஆண்டுகள் நடந்த ஆய்வு ஒன்று 2013ல் வெளிவந்தது. தினமும் பூசச் சொன்னவர்களின் தோல், இஷ்டப்பட்டபோது மட்டும் பூசியவர்களின் தோலைவிட 24 சதவீதம் குறைவாக முதிர்ந்திருந்தது. நாமோ பூமத்தியரேகைக்கு ஒரு டிகிரி மேலே உட்கார்ந்திருக்கிறோம், மதிய நேரத்தில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடுவது இங்கே சாதாரணம், ஆனாலும் எம்ஆர்டியிலிருந்து அலுவலகத்துக்கு ஐந்து நிமிட நடைதானே என்று வெறும் முகத்தோடு போகிறோம். கண் எரிகிறது என்றால் ஜிங்க் ஆக்சைடு உள்ளதைப் பாருங்கள். அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயம் உள்ள சன்ஸ்கிரீன் நம் நிறத்துக்கு இன்னும் நல்லது, நிறமியைத் தூண்டும் சாதாரண வெளிச்சத்தையும் அது ஓரளவு தடுக்கும். கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடி.

இரண்டாவது ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த பூச்சு. வாரத்தில் இரண்டு இரவு, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பச்சைப்பயறு அளவு, இமை ஓரத்தில் இல்லாமல் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் மட்டும். மூன்று மாதம் ஆகும்வரை பலனைக் கண்ணாடியில் தேடாதீர்கள். உரிந்தால், எரிந்தால் இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கும் இது கூடாது. இதன் வலுவான அண்ணன் டிரெட்டினாயின், அது டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான்.

ஆக, சன்ஸ்கிரீன், ரெட்டினால், மாய்ஸ்சரைசர் மூன்றும் சேர்ந்து நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். அந்த அழகான கண்ணாடி டப்பா மேசைமேல் இருந்தால் மனசுக்குச் சந்தோஷம், வருடத்துக்கு ஒரு தடவைதானே என்றால், அது உங்கள் சம்பளம், வாங்குங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். கருவளையம் போகும் என்று மட்டும் நினைத்து வாங்காதீர்கள்.

வணக்கம் அக்கா. வயது 53, உட்லண்ட்ஸில் இருக்கிறேன். கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்குகிறது. மனைவி கேஃபீன் கலந்த கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வேலை செய்யுமா?

தம்பி, காலையில் உப்பி மத்தியானத்துக்குள் வடிகிறதா, நாள் முழுக்க அப்படியே இருக்கிறதா? வடிகிறது என்றால் நீர் கோத்துக்கொள்கிறது: முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்குச் சாப்பிட்ட மீ கோரெங்கின் உப்பு, தூக்கக் குறைவு, ஒவ்வாமை. கேஃபீன் சில மணி நேரத்துக்குக் கொஞ்சம் சுருக்கும், குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் ஏறக்குறைய அதையேதான் செய்யும். நாள் முழுக்க இருந்தால் உள்ளிருக்கும் கொழுப்பு முன்னால் தள்ளிவிட்டது என்று அர்த்தம், அதற்கு அறுவை சிகிச்சைதான், கிரீமால் ஆகாது. மனைவி ஆசையாக வாங்கித் தந்ததைப் பூசிக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. திடீரென்று முகமும் காலும் சேர்ந்து வீங்கினால் மட்டும் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

அக்கா, எனக்கு 26 வயது. இணையத்தில் 12 வெள்ளிக்கு ஒரு கிரீம் வாங்கினேன், ஒரே வாரத்தில் கண்ணடி பளிச்சென்று ஆகிவிட்டது! நிறுத்தினால் முன்னைவிடக் கறுக்கிறது, அரிக்கிறது. விலை அதிகமானது தேவையில்லை என்று நீங்களே சொல்வீர்கள்தானே? — செங்காங் வாசகி

விலை அதிகம் தேவையில்லை, ஆனால் இது எனக்குப் பயமாக இருக்கிறது தங்கச்சி. ஒரு வாரத்தில் வெளுப்பாக்கும் கிரீம் என்றாலே ஸ்டீராய்டோ, ஹைட்ரோகுவினோனோ, பாதரசமோ கலந்திருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இணையத்தில் விற்ற இப்படிப்பட்ட கிரீம்களில் இவற்றைக் கண்டுபிடித்துச் சுகாதார அறிவியல் ஆணையம் பல தடவை எச்சரித்திருக்கிறது. கண் பக்கத்தில் ஸ்டீராய்டை நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிவது ஒரு பக்கம், கண் அழுத்தம் ஏறும், கண்புரைகூட வரலாம். இனி பூச வேண்டாம். டப்பாவைத் தூக்கிப் போடாமல் பையில் போட்டுக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், எத்தனை நாள் பூசினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர்களே தேசிய சரும நிலையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். "முஸ்தபாவில் பார்த்த டப்பா மாதிரியே இருந்தது" என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், டப்பா ஒரே மாதிரி இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று ஆகாது.

அழகு நிலையத்தில் இலவசமாகக் கண் மசாஜ் செய்துவிட்டு, பத்துத் தடவைக்கு 1,800 வெள்ளி, இன்று கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்கிறார்கள். — பொங்கோல்

போடாதீர்கள். மசாஜில் வடிவது நீர், மறுநாள் திரும்பி வரும். நாளைக்கு வந்தால் விலை ஏறும் என்கிற கடைக்கு நாளைக்கும் போக வேண்டாம். எப்படியும் செய்துகொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் பயனீட்டாளர் சங்கத்தின் 'கேஸ்டிரஸ்ட்' அங்கீகாரம் உள்ள இடமா என்று பாருங்கள், அங்கே கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறினால் ஐந்து நாளுக்குள் பயன்படுத்தாத பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பத்துத் தடவைக்கும் மொத்தமாக முன்பணம் கட்டாமல் ஒவ்வொரு தடவையாகக் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.