எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக, ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்க் கடல்தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாவை ஜீனோம் (முழு டிஎன்ஏ தொகுதி) வழியாக ஆராய எங்கிருந்து தொடங்குவது? அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லித் தட்டு) வளர்த்துப் பார்த்தால் போதாதா?

எம்.எஸ்சி. புராஜெக்ட் என்று கேட்டிருப்பதால் அந்த அளவுக்கே சொல்கிறேன்.

தட்டு மட்டும் போதாது. கரையோரத் தண்ணீரில் ஒரு மில்லிக்கு லட்சக்கணக்கில் பாக்டீரியா இருக்கும். மரைன் அகாரில் முளைப்பது நூற்றுக்கு ஒன்றுகூட வராது. கடலில் மிகுதியாக வாழும் சார்11 (SAR11) என்ற பாக்டீரியாக் கூட்டம் சத்து நிறைந்த அந்தத் தட்டை எட்டிக்கூடப் பார்க்காது. எளிதில் வளரும் விப்ரியோ, ஆல்டெரோமோனாஸ் என்ற பாக்டீரியாக்கள்தான் தட்டை நிரப்பும். எனவே தண்ணீரை வடிகட்டி நேரடியாக டிஎன்ஏ எடுங்கள்.

டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்கை, காசு கொடுத்தால் கம்பெனிகளே செய்து தரும். வேலை கெடுவது கரையில்தான்.

5 லிட்டர் கேனை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து நன்றாகக் கழுவுங்கள். எடுக்கும் இடத்துத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசுங்கள். வல்லத்தில் போனால் என்ஜினை அணைத்துவிட்டு அணியத்தில் (முன்முனையில்) நின்று மொள்ளுங்கள். பின்பக்கம் டீசல் படலம் மிதக்கும். கேனை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் வடிகட்டி முடிக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் வேகமாகப் பெருகும் இனங்கள் கேனுக்குள்ளேயே கூடிவிடும். பிறகு நீங்கள் படிப்பது கடலை அல்ல, கேனை. மீன் வைத்த தெர்மாகோல் பெட்டி வேண்டவே வேண்டாம். மீனில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அதில் அப்படியே இருக்கும்.

200 மைக்ரான் வலையில் ஒருமுறை வடித்து, பிறகு பம்ப் வைத்து 0.22 மைக்ரான் ஸ்டெரிவெக்ஸ் ஃபில்டரில் (மூடிய குப்பிக்குள் சவ்வு உள்ள வடிகட்டி) விடுங்கள். தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் இரண்டு லிட்டர்வரை இறங்கலாம். வாடைக்காற்றில் பாக் நீரிணைப் பக்கம் கலங்கிவிட்டால் அரை லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் நிறுத்திவிட்டு, இறங்கிய அளவை எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தம் கூட்டாதீர்கள். சொட்டிக்கொண்டிருந்தது சட்டென்று ஓட ஆரம்பித்தால் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். அந்த ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள். நல்ல ஃபில்டரில் மிச்சத் தண்ணீரை சிரிஞ்சில் காற்றடித்து வெளியேற்றி, இரு முனையும் மூடி, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று ஃபில்டர். கூடவே, அதே குழாயில் சுத்தமான ஸ்டெரைல் தண்ணீர் விட்ட ஒரு வெற்று ஃபில்டர். பலரும் விடுவது இதைத்தான். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டிலிருந்தே வரும் பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க இது உதவும்.

பிறகு, பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் என்ற மரபணுவைப் பிசிஆரில் பல பிரதிகளாகப் பெருக்க வேண்டும். பிசிஆர் வரவில்லையென்றால் டிஎன்ஏவை உடனே குறை சொல்லாமல் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள். சேற்றுத் தண்ணீரில் வினையைத் தடுக்கும் பொருள்கள் கூடவே வரும். பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரில், பழைய 806ஆர் சார்11-ஐக் குறைத்துக் காட்டும். 515எஃப்-ஒய், 926ஆர் ஜோடி நல்லது. கடற்புல், பாசி மிதவை அருகே எடுத்தால் சீக்வென்சிங்கில் வரும் ரீட்களில் (படித்த டிஎன்ஏ துண்டுகளில்) பாதி, தாவர, பாசி செல்லின் பச்சையக் கூறான குளோரோபிளாஸ்ட்டுடையதாகக்கூட இருக்கலாம், அவற்றைக் கழித்துவிடுங்கள். 16எஸ் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும். என்ன செய்கிறார்கள் என்பதற்கு மெட்டாஜீனோம், அதாவது மாதிரியில் உள்ள எல்லா உயிர்களின் மொத்த டிஎன்ஏ, வேண்டும். விப்ரியோ இனங்களைப் பிரிக்க 16எஸ் உதவாது. வளர்த்தெடுத்த பாக்டீரியாவின் முழு ஜீனோமை ஒப்பிட்டு, சராசரி ஒற்றுமை 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒரே இனம் என்று கொள்ளலாம்.

உங்கள் தரவு மற்ற கடல்களோடு ஒப்பிடத் தகுந்ததா என்பது குறிப்பேட்டைப் பொறுத்தது. 2014 ஜூன் 21 அன்று 'ஓஷன் சாம்ப்ளிங் டே' என்று உலகெங்கும் பல இடங்களில் ஒரே நாளில், ஒரே முறையில் தண்ணீர் எடுத்தார்கள். இப்போது நீங்களும் ஜூன் 21-ல் எடுத்தால் நம் பக்கம் ஒரு சிக்கல்: மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்து விசைப்படகுகள் இறங்கியிருக்கும், அடிமண் கிளறியிருக்கும். தடைக்காலத்துக்குள்ளும் ஒரு மாதிரி எடுத்து வையுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், ஆழம், வெப்பநிலை, உப்பளவு, வடித்த அளவு எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் போகாதீர்கள். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதாக இருந்தால் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி என்ன அனுமதி வேண்டும் என்று சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முதலிலேயே கேளுங்கள்.

ஃபில்டர் உறையில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் எழுத்து எத்தனால் பட்டதும் அழிந்துவிடும்.