ஒரே மாணவிக்காக ஓடிய ரயிலா?

கேள்வி: ஜப்பானின் ஹொக்கைடோவிலுள்ள காமி-ஷிராதாகி ரயில் நிலையத்தை ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக, அவர் படித்து முடிக்கும் வரை மூடாமல் வைத்திருந்தார்களாம், வண்டி நேரத்தைக்கூடப் பள்ளி நேரத்துக்கு ஏற்ப அமைத்தார்களாம். இதைவிடச் சிறந்த மனிதநேயம் உண்டா?

பதில்: மாணவி இருந்தது உண்மை. மற்றவை பெரும்பாலும் தவறு. 2016 ஜனவரியில் சீன அரசுத் தொலைக்காட்சி ஃபேஸ்புக்கில் இட்ட பதிவிலிருந்து உலகெங்கும் பரவிய கதை இது. எங்காரு நகரத்து மேல்நிலைப் பள்ளிக்குப் போய்வந்த அந்த மாணவி ஏறியது காமி-ஷிராதாகியில் அல்ல. அதே செகிஹொக்கு வழித்தடத்தில், ஒரு நடைமேடையும் சிறிய மரக் காத்திருப்பு அறையும் மட்டுமே கொண்ட கியூ-ஷிராதாகியில். காமி-ஷிராதாகியிலோ ஒரு திசைக்கு நாளுக்கு ஒரு வண்டிதான் நின்றது. கால அட்டவணையும் அவர் ஒருவருக்காக வகுக்கப்பட்டதன்று. ஜப்பானில் ரயில் அட்டவணை பெரும்பாலும் மார்ச் மாதத்தில் திருத்தப்படுகிறது; பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில்தான். இவ்விரண்டும் ஒரே சமயத்தில் வந்ததையே கருணை என்று படித்துவிட்டோம்.

2016 மார்ச் 26 அன்று இவ்விரு நிலையங்களுடன் ஷிமோ-ஷிராதாகியிலும் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. அதே நாளில், இந்நிலையங்களை நடத்திய அதே ஜேஆர் ஹொக்கைடோ ரயில் நிறுவனம் தன் முதல் ஷின்கான்சென் அதிவேக ரயிலை ஷின்-ஹக்கோடாதே-ஹொக்குடோ வரை ஓட்டத் தொடங்கியது. அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டுமானால் இதைத்தான் பேச வேண்டும் என்பது என் கருத்து.

மலைகளை ஊடறுத்து 1932இல் முழுமை பெற்றது செகிஹொக்கு வழித்தடம். இந்நிலையங்கள் இருந்த ஷிராதாகி கிராமத்தில் மக்கள்தொகை தேய்ந்துகொண்டே வந்தது. 2005இல் அக்கிராமம் எங்காருவுடன் இணைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1987இல் ஜப்பானிய தேசிய ரயில்வேயைப் பல நிறுவனங்களாகப் பிரித்தபோது, பரந்த நிலமும் சொற்பப் பயணிகளும் கொண்ட ஹொக்கைடோவின் நிறுவனம் நட்டத்தில்தான் ஓடும் என்பது அரசுக்குத் தெரிந்தே இருந்தது. ஆகவே சுமார் 68,000 கோடி யென் நிதி ஒதுக்கி, அதன் வட்டியைக் கொண்டு நட்டத்தை ஈடுகட்டச் சொன்னார்கள். பிறகு ஜப்பானில் வட்டி விகிதம் அடிமட்டத்துக்கு விழுந்தது. வருமானமும் கூடவே விழுந்தது. சிறு நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

காமி-ஷிராதாகியை மூடியபின் காமிகாவாவுக்கும் ஷிராதாகிக்கும் இடையே 37 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம்கூட இல்லை. 2016 நவம்பரில், தன் வலையமைப்பில் ஏறத்தாழப் பாதியை, 1,237 கிலோமீட்டரை, தனித்துப் பராமரிக்க இயலாது என்று நிறுவனம் அறிவித்தது. அப்பட்டியலில் செகிஹொக்கு வழித்தடமும் இருந்தது. அந்த மாணவியின் கதையை ஆயிரம் முறை பகிர்ந்த நாம் இந்த அறிவிப்பை ஒருமுறைகூடப் பகிரவில்லை. அவருக்குப் பின் அப்பகுதியில் வளரும் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போவார்கள், அதற்கான செலவை நிறுவனம், அரசு, உள்ளூர் நகராட்சி ஆகியவற்றுள் எது ஏற்கும் என்பதே நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.