டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது சர்வர், கூட்டிப் பார்த்தால் பாதிகூட இல்லை. இடம் எங்கே போகிறது?

கேள்வி சுருக்கமாக: லினக்ஸ் சர்வரில், டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லும் 'டிஎஃப்' (df) கட்டளை 100% காட்டுகிறது. கோப்புகளின் அளவைக் கூட்டும் 'டியூ' (du) கட்டளையை வைத்துப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சில நாள் சரி. புது டிஸ்க் வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். ரீஸ்டார்ட்டும் வேண்டாம், அது தடயத்தையும் சேர்த்து அழித்துவிடும்.

ரீஸ்டார்ட்டில் இடம் திரும்புவதே நல்ல துப்பு. லினக்ஸில் ஒரு கோப்பை அழித்தால் உடனே போவது பெயர் மட்டும்தான். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை இடம் விடுபடாது. டியூ பெயர்களைத் தேடித்தான் கூட்டும், பெயர் போனது அதற்குத் தெரியாது. டிஎஃப் கோப்பு முறைமையிடமே கணக்குக் கேட்கும். அதனால்தான் இரண்டும் முரண்படுகின்றன. பெரும்பாலும் யாரோ ஒரு பெரிய லாக் கோப்பை (நடப்பதைப் பதிந்து வைக்கும் கோப்பு) அழித்திருப்பார்கள், வெப் சர்வர் இன்னும் அதிலேயே எழுதிக்கொண்டிருக்கும். ரூட் பயனராக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' (lsof +L1) கொடுத்தால் எந்தப் புரோகிராம் என்று காட்டிவிடும். அந்தச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். இனி லாக்கைக் கையால் அழிக்காமல் பழைய லாக்குகளைத் தானாகவே கழிக்கும் லாக்ரொட்டேட்டிடம் (logrotate) விடுங்கள்.

சரி, அந்தப் பட்டியல் வெறுமையாக வந்தால்? திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியில் நான் பார்த்தது இது. மாரி மழையில் கரண்ட் போய் வந்திருக்கிறது. சர்வர் முதலில் எழும்பிவிட்டது, பேக்கப் எடுக்கும் நாஸ் (NAS, நெட்வொர்க் வழியே இணையும் சேமிப்பு) பெட்டி பிந்தித்தான் எழும்பியது. அந்த இடைவெளியில் ஓடிய பேக்கப், நாஸ் மவுண்ட் ஆகாத (இன்னும் இணைக்கப்படாத) வெறும் ஃபோல்டருக்குள், அதாவது சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே எழுதித் தள்ளியிருக்கிறது. அப்புறம் நாஸ் அதன் மேல் மவுண்ட் ஆனதும் எழுதியதெல்லாம் அடியில் மறைந்துபோனது. 'மவுண்ட் --பைண்ட்' (mount --bind) மூலம் சர்வரின் சொந்த டிஸ்க்கை வேறொரு ஃபோல்டரில் காட்டச் செய்தபோது அத்தனையும் அங்கே கிடந்தன, எல்லாவற்றிலும் கரண்ட் போன இரவின் தேதி. மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்த ஃபோல்டருக்கு, மாற்றங்களைத் தடுக்கும் 'சட்டர் +ஐ' (chattr +i) போட்டுவிட்டோம். நாஸ் இல்லாவிட்டால் இனி அதில் ரூட்டாலும் எழுத முடியாது, பேக்கப் பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் நல்லது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு: டிஎஃப் இடம் இருக்கிறது என்கிறது, எழுதப் போனால் இடமில்லை என்கிறது. அப்போது 'டிஎஃப் -ஐ' (df -i) கொடுத்துப் பாருங்கள். லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் ஐநோடுகளை (கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவு இடங்கள்) தின்று தீர்த்திருக்கும்.

டிஸ்க்கிலேயே சந்தேகம் என்றால் ஸ்மார்ட் (SMART) அளவுகளை, அதாவது டிஸ்க் தன் நிலை பற்றித் தானே வைத்திருக்கும் கணக்குகளைப் பாருங்கள். பழுதான பகுதிகளைச் சொல்லும் 5, 197 என்ற எண்களுக்கு நேரே உள்ள கணக்கு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். தரவு போய்வரும் வழியில் நேரும் பிழைகளைச் சொல்லும் 199 மட்டும் ஏறினால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். எங்கள் ஊர் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று இணைப்பு முனைகளைக் கெடுத்துவிடும். கேபிளை மாற்றினாலும் அந்தக் கணக்கு பூச்சியத்துக்குத் திரும்பாது, மேலும் ஏறுகிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

அடுத்த முறை நிறையும்போது, ரீஸ்டார்ட்டுக்கு முன் இந்தக் கட்டளைகள் தரும் விவரத்தை எடுத்து வையுங்கள். நிறைந்த டிஸ்க்கிலேயே வேண்டாம், பென் டிரைவில் போடுங்கள்.