நெக்ஸஸில் (பில்டு ஃபைல்களைச் சேர்த்து வைக்கும் சர்வர்) பெரிய வார் ஃபைலை ஏற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்கள் வார் ஃபைல் (ஜாவா வெப் ஆப்பின் முழுத் தொகுப்பு) 240 எம்பி. ஜாவா பில்டு கருவியான மேவனில் டிப்ளாய் கொடுத்தால் சின்ன ஜார்கள் (ஜாவா நூலகத் தொகுப்புகள்) ஏறுகின்றன, வார் மட்டும் 413 (அனுப்பியது மிகப் பெரியது) என்று நிற்கிறது. நெக்ஸஸில் எதை மாற்றுவது?

பதில்: நெக்ஸஸைத் தொட வேண்டாம். 413 பெரும்பாலும் அதற்கு முன்னால் ப்ராக்ஸியாக (இடைத்தரகு சர்வர்) நிற்கும் என்ஜின்எக்ஸ் தருவது. அதில் ஏற்றும் அளவின் வரம்பான கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் நாம் எதுவும் எழுதாவிட்டால் 1 எம்பிதான். சர்வர் பிளாக்கில் 1ஜி என்று வைத்து ரீலோடு செய்யுங்கள். 0 போட்டால் வரம்பே கிடையாது. சந்தேகம் இருந்தால் நெக்ஸஸின் 8081 போர்ட்டுக்கு நேராக ஏற்றிப் பாருங்கள். அங்கே ஏறினால் தடை ப்ராக்ஸியில்தான்.

கேள்வி: 413 போய்விட்டது, இப்போது 504 (பதில் வர நேரம் கடந்தது) வருகிறது.

பதில்: என்ஜின்எக்ஸ் முழு ஃபைலையும் தன்னிடம் வாங்கி முடித்த பிறகே நெக்ஸஸுக்குத் தள்ளும். அதன்பின் 60 விநாடி பதில் இல்லையென்றால் 504. ப்ராக்ஸி_ரெக்வெஸ்ட்_பஃபரிங்கை ஆஃப் செய்யுங்கள், ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட்டை 600 விநாடியாக்குங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: 504 வந்தாலும் நெக்ஸஸ் பக்கம் ஃபைல் சேர்ந்திருக்கக்கூடும். மறுபடி ஓட்டும் முன் ரிப்போவில் (நெக்ஸஸில் ஃபைல்கள் சேரும் களஞ்சியம்) தேடிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்படி மறுபடி ஓட்டித்தான் 400 (கோரிக்கை ஏற்கப்படவில்லை) வாங்கினேன். அதே பதிப்பை மறுபடி ஏற்ற விடும் 'அலவ் ரீடிப்ளாய்' போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ரிலீஸ் ரிப்போவில் அதே பதிப்பை இரண்டாம் முறை ஏற்ற விடாததற்குக் காரணம் உண்டு. பழைய ஃபைலை ஏற்கெனவே இறக்கியவர் கணினியில் அது அப்படியே இருக்கும்; மேவன் ரிலீஸ் பதிப்பைத் திரும்ப இறக்காது. ஒரே எண்ணில் இரண்டு வார்கள் சுற்றும், எது புரொடக்‌ஷனில் ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பதிப்பு எண்ணைக் கூட்டிப் புதிதாக ஏற்றுங்கள். பல மாட்யூல் உள்ள பில்டில் வார் கடைசியில் தோற்றால், மறுபடி ஓட்டும்போது முன்னால் போன ஜார்களும் இதே 400-ஐத் தரும். டிப்ளாய் பிளகினில் 'டிப்ளாய்அட்எண்ட்' ட்ரூ என்று வைத்தால், எல்லாம் பில்டு ஆன பிறகே ஏற்றத் தொடங்கும்.

கேள்வி: பாஸ்வேர்டு சரி, ஆனாலும் 401 (உள்நுழைவு ஏற்கப்படவில்லை).

பதில்: மேவனின் செட்டிங்ஸ் ஃபைலில் உள்ள சர்வர் ஐடியும், புராஜெக்டின் பாம் ஃபைலின் டிஸ்ட்ரிபியூஷன் மேனேஜ்மென்ட்டில் உள்ள ரிப்போசிட்டரி ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய ஸ்னாப்ஷாட்களை (ரிலீஸுக்கு முந்தைய பில்டுகள்) அழித்தும் டிஸ்க் காலியாகவில்லையே சார்?

பதில்: அழித்தவை, நெக்ஸஸ் ஃபைல்களை வைக்கும் இடமான பிளாப் ஸ்டோரில் 'அழிக்கப்பட்டது' என்ற குறியோடு கிடக்கும். 'காம்பாக்ட் பிளாப் ஸ்டோர்' டாஸ்க் ஓடினால்தான் இடம் திரும்பும். ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் புது நேரமுத்திரையோடு தனி ஃபைலாகச் சேரும். 240 எம்பி வார் நாளுக்குப் பத்து பில்டு என்றால் 2.4 ஜிபி. க்ளீனப் பாலிசியையும் காம்பாக்ட்டையும் அடுத்தடுத்து தினமும் இரவில் ஓட விடுங்கள்.

கேள்வி: வாரையே சிறிதாக்க வழி?

பதில்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். 'ஜார் டிஎஃப்' கொடுத்து உள்ளே இருப்பதைப் பாருங்கள். வாரை ஓட்டும் டாம்கேட் சர்வரே தரும் சர்வ்லெட் ஏபிஐ போன்ற நூலகங்களுக்கு பாம் ஃபைலில் ஸ்கோப் 'ப்ரொவைடெட்' என்று கொடுங்கள், அவை வாருக்குள் போகாது. வெப்ஆப் ஃபோல்டருக்குள் நோட்_மாட்யூல்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் ஃபோல்டர்) புகுந்திருந்தால் வார் பிளகினின் 'பேக்கேஜிங்எக்ஸ்க்ளூட்ஸ்' கொண்டு தள்ளுங்கள். வீடியோ, பிடிஎஃப் எதுவும் வாருக்குள் வேண்டாம்; அவற்றை வெப் சர்வரிலேயே தனி ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்.