கோபிக்கு நாயோடு வர முடியுமா?

அம்மணி, வேலைக்காக டாலஸுக்கு வந்திருக்கும் நீங்கள், பதற்றம் கூடும்போது உங்கள் நாய் பக்கத்தில் இருப்பதே பெரிய ஆறுதல் என்றும், பொங்கலுக்கு அதைக் கோபிச்செட்டிபாளையத்துக்கு அழைத்துவர இணையத்தில் விற்கும் சேவை நாய்ச் சான்றிதழை (குறைபாடு உள்ளவருக்கு உதவப் பயிற்சி பெற்ற நாய் என்று காட்டுவதை) வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். அமெரிக்காவில் சேவை நாய்களுக்கு அரசுப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. அடையாள அட்டை, பதிவு எண் என்று விற்கப்படுபவை எவையும் விமான நிறுவனத்தைக் கட்டுப்படுத்தா.

மனநல மருத்துவரின் கடிதத்தைக் காட்டி, ஆறுதல் தரும் எந்தப் பிராணியையும் கட்டணமின்றி விமானத்தில் ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. பன்றியும் வான்கோழியும்கூட ஏறின, புகார்கள் பெருகின. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை கொண்டுவந்து, 2021 ஜனவரி 11 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, சேவைப் பிராணி என்பது நாய் மட்டுமே. அதுவும் உடல் அல்லது மனநலக் குறைபாடு உள்ள ஒருவருக்காகக் குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பயிற்றுவிக்கப்பட்ட நாய். ஆறுதல் தரும் பிராணியைச் சாதாரணச் செல்லப்பிராணியாக நடத்த நிறுவனங்களுக்கு உரிமை உண்டு.

நம் பக்கத்தில் பட்டிக்குக் காவல் கிடக்கும் நாய்க்கும் திண்ணையில் படுத்திருக்கும் நாய்க்கும் உள்ள வேறுபாடுதான் இது. இங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் லாப்ரடார், அவர் விரல்கள் முழங்காலைச் சுரண்டத் தொடங்கினாலே மூக்கை உள்ளங்கைக்குக் கீழே நுழைத்து, பிறகு தன் எடை முழுவதையும் அவர் மடியில் சாய்த்துவிடும். மூச்சு சீராகும் வரை நகராது. அது பயிற்சியால் வந்த வேலை. உங்கள் நாய் அருகில் இருப்பதோடு சரி என்றால், விதியின் கண்ணில் அது சேவை நாய் அல்ல. பயிற்சியை நீங்களே கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் பொங்கலுக்குள் முடிகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சி பெற்ற நாய்க்கு, அதன் உடல்நலம், நடத்தை, பயிற்சி ஆகியவற்றை உறுதிகூறும் போக்குவரத்துத் துறைப் படிவத்தைப் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே நிறுவனம் கேட்கலாம். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பறக்கும் விமானமானால், வழியில் நாய் அசுத்தம் செய்யாது என்பதற்கும் ஒரு படிவம் உண்டு. அமெரிக்காவிலிருந்து புறப்படும் வெளிநாட்டு நிறுவன விமானங்களுக்கும் இவை பொருந்தும். இவற்றில் பொய் எழுதுவது குற்றம்.

இவ்வளவும் விமானத்தில் ஏறுவதற்கு மட்டுமே. உண்மையான சிக்கல் இரு நாட்டு வாசல்களிலும் இருக்கிறது. இந்தியாவுக்குள் நாயைக் கொண்டுவர விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்கான நிலையங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஐதராபாத், கொச்சி ஆகிய இடங்களில்தான் உள்ளன. கோயம்புத்தூரில் இறங்க முடியாது. பெங்களூரில் இறங்கித் திம்பம் மலைப்பாதை வழியாக வரலாம் என்றால், அங்கே இரவில் வாகனங்களுக்குத் தடை உண்டு. தவிர, செல்லப்பிராணியைப் பயணப் பொதியோடு கொண்டுவரும் ஏற்பாடு, இரண்டாண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊருக்கே குடிபெயர்ந்து திரும்புவோருக்காக வகுக்கப்பட்டது, விடுமுறைக்கு வருவோருக்காக அல்ல.

திரும்பும்போது இன்னும் கடினம். வெறிநாய்க்கடி நோய் மிகுந்த நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா இந்தியாவை வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல், நாய்க்கு ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும், அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப் இருக்க வேண்டும். அமெரிக்காவில் போட்ட வெறிநோய்த் தடுப்பூசிக்கான சான்றிதழில் அமெரிக்க வேளாண்துறையின் ஒப்புதலைப் புறப்படும் முன்பே பெற்றிருக்க வேண்டும். அதைப் பெறாமல் வந்துவிட்டால், இந்தியாவில் மறுபடி தடுப்பூசி போட்டு, இரத்தப் பரிசோதனை முடித்து, குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் ஒன்றில்தான் இறங்க வேண்டும். பரிசோதனை முடிவு கையில் இல்லையென்றால் 28 நாள் தனிமைப்படுத்தல், செலவும் உங்களுடையது. சேவை நாய் என்பதற்காக இதில் விலக்குக் கிடைக்காது.

ஆகவே இந்தப் பொங்கலுக்கு நாயை நம்பிக்கையான ஒருவரிடம் டாலஸிலேயே விட்டுவருவதுதான் சரி என்பேன். ஊரில் உறவுக்கூட்டத்துக்கு நடுவே, நாய் இல்லாமல் பதற்றம் கூடினால் என்ன செய்வது, எந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொள்வது என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.