கழகக் கணக்குக் கேட்கிறீர்கள், மகனின் புள்ளி தெரியுமா?

கேள்வி: எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு 11 வருடமாக ஒருவரே தலைவர். மூன்று வருடமாகப் பொதுக்கூட்டம் இல்லை. மைதானத்துக்கு மின்விளக்குப் போடவென்று வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் அனுப்பிய காசுக்கும் கணக்கு இல்லை. போன வருடம் மூன்று இறுதியாட்டங்களில் தோற்றோம்: 2-1, 1-0, மற்றது சமநிலை தவிர்ப்பு உதையில் 4-3. பாடசாலை அதிபரோ கழகம்தான் பொடியளின் படிப்பைக் கெடுக்கிறது என்கிறார். பதினொராம் தரத்தில் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் என் மகனும் கழகத்துக்கு விளையாடுகிறான். போன தவணை அவனுடைய தேர்ச்சி அறிக்கைக்குக்கூட மனைவிதான் கையெழுத்து வைத்துக் கொடுத்தா, எனக்கு அன்று ஆதரவாளர் கூட்டம். தலைவரை மாற்ற என்ன வழி? நானே போட்டியிடலாமா?
— ஆதரவாளர் ஒருவர், வலிகாமம், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, மூன்று இறுதியாட்டங்களின் கோல் கணக்கையும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் மகன் கணிதத்தில் எத்தனை எடுத்தான் என்று மட்டும் இல்லை. தலைவர் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் அந்தக் கையெழுத்து.

தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் கையெழுத்து வைப்பது சடங்குக்காக அல்ல. பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பார்த்தேன், இனி என்ன செய்வதென்று எனக்குத் தெரியும் என்பதற்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு அது. அந்த வேலையை மனைவியின் தலையில் கட்டிவிட்டு நீங்கள் இன்னொருவர் கணக்குக் காட்டவில்லை என்று கூட்டம் கூடினீர்கள். உங்கள் வீட்டில் உள்ள கணக்கை நீங்கள் பார்க்கவில்லையே? இது சின்னப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். பதினொராம் தரத்தில் ஒரு தவணை கைவிட்டுப் போனால் திரும்பி வராது.

இன்றிரவே பத்தாம் தரத்து மூன்று அறிக்கைகளையும் இந்த வருடத்தவற்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்தப் புள்ளியையும் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதையும் விடுங்கள். முதலில் வரவு நாட்களைப் பாருங்கள். சுற்றுப்போட்டி நடந்த மாதங்களில் வரவு குறைந்திருந்தால் அதிபர் சொன்னது உங்கள் வீட்டு மட்டிலாவது உண்மை. அடுத்தது தமிழும் கணிதமும். உயர்தர வகுப்புக்குப் போக ஒன்பது பாடங்களில் குறைந்தது ஆறில் சித்தி வேண்டும். அந்த ஆறுக்குள் தாய்மொழியும் கணிதமும் இருக்கவேண்டும். மூன்று பாடங்களிலாவது சி, அதாவது திறமைச் சித்தி வேண்டும். நூற்றுக்கு 35 எடுத்தால் எஸ், அதாவது சாதாரண சித்தி; 50 எடுத்தால் சி. கணிதத்தில் 28, 31 என்று இழுபடுகிற பிள்ளைக்கு மற்றப் பாடங்களில் ஏ வந்தாலும் கதவு திறக்காது.

எங்கள் பகுதியில் பந்தடிக்கிற பொடியள் விழுவது பெரும்பாலும் கணிதத்தில்தான். காரணம் மண்டையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மற்றப் பாடங்களைப் பரீட்சைக்கு முதல்நாள் வாசித்தாவது ஒப்பேற்றலாம், கணிதம் நாளாந்தம் கையால் செய்து பழகவேண்டிய பாடம். பள்ளி விட்டு வந்து, ரியூசன் போய், மைதானத்தில் இருட்டும்வரை நின்று, வெறும் வயிற்றோடு ஏழரைக்குக் கொப்பியைத் திறந்தால் எட்டு மணிக்குத் தலை மேசையில்.

அதனால் பயிற்சி ஆறு மணிக்கு முடியவேண்டும். குளித்து, ஏழுக்கு முன் சோறோ புட்டோ சாப்பிட்டுவிட்டு ஏழிலிருந்து எட்டேகால்வரை கணிதம் மட்டும். முதலாம் வினாத்தாளில் தொடங்கச் சொல்லுங்கள். அதில் முதல் பகுதி 25 குறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அடுத்த பகுதி ஐந்து வினாக்கள், பத்துப் பத்துப் புள்ளி. பின்னம், சதவீதம், பரப்பளவு, வட்ட வரைபு, நிகழ்தகவு என்று பழக்கமான இடங்களில் இருந்துதான் அவை வரும். இரண்டு வினாத்தாளுக்குமாகச் சேர்த்து 200. எஸ் எடுக்க வேண்டியது 70, முதலாம் தாளில் மட்டுமே 100 கிடக்கிறது. பழைய வினாத்தாளில் ஒரு நாளைக்கு ஐந்து குறுவினா, பெரியது ஒன்று. விடையைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு. புள்ளித்திட்டத்தோடு புத்தகமாகவே கடையில் இருக்கிறது, கணிதம் தெரியாதவரும் பார்த்துத் திருத்தலாம். பிழைத்த கணக்கை மறுநாள் அவனே திரும்பச் செய்யவேண்டும். அதை விட்டால் மாதக்கணக்கில் அதே பிழையைத்தான் செய்வான்.

இதை வாசித்துவிட்டுப் பந்தைப் பறித்துப் பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள். விளையாட்டை ஒரேயடியாக நிறுத்திய வீடுகளில் பிள்ளை ரியூசனுக்கென்று சொல்லிவிட்டு அயலூர் மைதானத்துக்குப் போகிறான். கிழமையில் மூன்று நாள் பயிற்சி போதும். பாடசாலை நாட்களில் மின்னொளி ஆட்டம் பரீட்சை முடியும்வரை வேண்டாம். பாடசாலை அணியை மட்டும் விடக்கூடாது. பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டுத் திறமையால் விசேட அனுமதி பெறும் வழி உண்டு. அதற்கும் உயர்தரத் தகைமை வேண்டும், தேசிய மட்டச் சான்றிதழும் வேண்டும். அந்த மட்டத்துக்கு ஒரு மாணவன் ஏறுவது பெரும்பாலும் பாடசாலை அணியோடுதான். அதிபரோடு கழகம் முறுகிக்கொண்டு நின்றால் நட்டம் உங்கள் மகனுக்கு.

இனித் தலைவர் விசயம். மூன்று வருடம் பொதுக்கூட்டம் இல்லை என்றால் அது பிழைதான், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சந்தியில் நின்று கேட்பதால் ஒன்றும் நடக்காது. கழகத்தின் யாப்பு, அதாவது விதிகள் எழுதிய பிரதியைத் தேடி எடுங்கள். உங்களிடம் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேளுங்கள், பதிவின்போது கொடுத்த பிரதி அங்கே இருக்கவேண்டும். விசேட பொதுக்கூட்டம் கேட்க எத்தனை அங்கத்தவர் ஒப்பமிடவேண்டும், எத்தனை நாள் முன்னறிவித்தல், கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் (கோரம்) என்று அதில் பாருங்கள். ஒப்பமிடுகிற ஒவ்வொருவரும் சந்தா நிலுவையைக் கட்டிப் பற்றுச்சீட்டு எடுத்திருக்கவேண்டும். இந்த இடத்தில்தான் எல்லாம் பிழையாகப் போகிறது: சந்தா கட்டாத இருபது பேர் கையெழுத்து வைத்த கடிதத்தைச் செயலாளர் ஒரு வரியில் தள்ளிவிடுவார். கடிதத்தில் குற்றச்சாட்டு எழுதவேண்டாம். பொதுக்கூட்டத் திகதி, கணக்கறிக்கை, இரண்டு மட்டும் கேளுங்கள். பதிவுத் தபாலில் செயலாளருக்கு அனுப்பி, பிரதியை விளையாட்டு உத்தியோகத்தருக்குக் கொடுங்கள். கூட்டத்தில் வங்கிப் புத்தகத்தையும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் மேசையில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். மின்விளக்குக் காசு வந்ததா, எங்கே போனது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஆத்திரத்தில் கோயில் வீதியில் கூடிப் புதிய நிர்வாகம் தெரிவுசெய்து விடாதீர்கள். ஒரு கழகத்துக்கு இரண்டு நிர்வாகம் வந்தால் வங்கி கையெழுத்தை மாற்றாது, லீக்கில் வீரர் பதிவு இழுபடும், பொடியள் ஒரு பருவத்தை இழப்பார்கள். நாட்டு மட்டத்திலேயே இதைப் பார்த்தோம். நிர்வாகத் தெரிவில் வெளியார் தலையீடு என்று 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை உலகச் சம்மேளனமான பீபா இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அந்த வருடம் பெங்களூரில் நடந்த தெற்காசியச் சம்பியன் கிண்ணத்தில் இலங்கை அணி இல்லை. கதிரைக்கு அடிபட்டவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை, வாய்ப்பு இழந்தவர்கள் விளையாடுகிற பிள்ளைகள்.

நீங்கள் போட்டியிடலாமா என்று கேட்டீர்கள். இந்த வருடம் கூடாது. தலைவர் பதவி என்றால் ஒவ்வொரு பின்னேரமும் வெளியில். அந்தப் பின்னேரங்கள் உங்கள் மகனுக்குச் சேரவேண்டியவை. நாளைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். அதிபரையும் சந்தித்து, பயிற்சி நேரத்தை எப்படி மாற்றினால் அவருக்குச் சம்மதம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டில் பரீட்சைப் பிள்ளை இல்லாத, காசு விசயத்தில் சுத்தமான ஒருவரைத் தலைவராக முன்மொழியுங்கள். முன்மொழியும் முன் அவரிடம் இரண்டு வாக்குறுதி வாங்குங்கள்: பாடசாலை நாளில் பயிற்சி ஆறுக்கு முடியும், பதினொராம் தரத்துப் பிள்ளையை இரவு ஆட்டத்துக்கு இறக்கமாட்டோம். தரமறுத்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.