மரபணுப் பரிசோதனை: முதலில் யாருக்கு?

கேள்வி: என் அப்பத்தா சினைப்பைப் புற்றுநோயில் இறந்தார். அத்தைக்கு 43 வயதில் மார்பகப் புற்று வந்து, இப்போது குணமாகி நலமாக இருக்கிறார். எனக்கு வயது 32. எச்சிலைத் துப்பி அனுப்பினால் போதும் என்கிறது ஒரு விளம்பரம். செய்துகொள்ளலாமா? அப்பா வழி நோய் பெண்ணுக்கு வருமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: வரும். மார்பக, சினைப்பைப் புற்றோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. 1, 2 மரபணுக்களில் பழுது இருந்தால், நோயே வராத ஆணும் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கடத்துவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அத்தைக்குத்தான். ஊதா மூடிக் குழாயில் சில மில்லி ரத்தம் போதும். இரு மரபணுக்களையும் முழுதாகப் படிப்பார்களா, பெரிய துண்டுகள் விடுபட்டிருந்தாலும் கண்டுபிடிப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அவரிடம் பழுது கிடைத்தால் உங்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும், 'இல்லை' என்று வந்தால் அதை நம்பவும் செய்யலாம். அத்தையை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் பார்த்து வரும் 'இல்லை'யை அப்படி நம்ப முடியாது. குடும்பத்தில் ஓடுவது வேறு மரபணுவாக இருக்கலாம். எச்சில் பெட்டிகள் பலவும் குறிப்பிட்ட சில இடங்களையே பார்க்கின்றன. இவ்விரு மரபணுக்களில் நோய் தரும் மாற்றங்களோ ஆயிரக்கணக்கில் உள்ளன.

மருத்துவரிடம் போகுமுன் மூன்று தலைமுறையை ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில். நகரத்தார் வீடென்றால் கோயில் பிரிவை வைத்து எழுத வேண்டாம், அது ஆண்வழி மட்டுமே. ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுப் பக்கமும் வேண்டும். பிள்ளை கூட்டி வந்தவர், அதாவது தத்து வந்தவர், இருந்தால் அவர் பிறந்த வீட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வரன் தட்டிப்போகும் என்று நோயை மறைக்கும் வீடுகளில் இளம்பெண்கள்தான் விலை கொடுக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

பழுது உறுதியானால் ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ., 30 வயது முதல் அதோடு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). சினைப்பைப் புற்றை முன்கூட்டிக் காட்டும் நம்பகமான சோதனை இல்லாததால், பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்வார்கள், பி.ஆர்.சி.ஏ. 1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள். 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று அறிக்கை வந்தால், அதை மட்டும் நம்பி அறுவை சிகிச்சைக்குப் போகவே கூடாது.

கேள்வி: மாமன் மகளை மணக்கப்போகிறேன். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோய்க்கு மரபணுச் சோதனை அவசியமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: எடுத்த எடுப்பில் வேண்டாம். இருவரும் முழு ரத்த எண்ணிக்கையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் பாருங்கள். ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பீட்டா தலசீமியா கடத்துநர், அதாவது நோய் இல்லாமல் பழுதை மட்டும் சுமப்பவர். இருவருமே கடத்துநர் என்றால்தான் மரபணுச் சோதனையும் ஆலோசனையும் தேவை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத ஆபத்து உண்டு. இரும்புச்சத்துக் குறைவு ஏ2 அளவைக் குறைத்துக் காட்டும். அதனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள்.